திங்கட்கிழமை வரச் சொன்ன படகு

எங்கள் வீட்டில் சண்டை போடுவதெல்லாம் ஜெபத்தில்தான். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பாயை விரித்து நாலு பேரும் உட்காருவோம். சின்னவளில் தொடங்கி வயது வரிசையில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம் பண்ண வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவோம். பக்கத்தில் இருக்கிறவர் காதில் விழட்டும் என்றுதான். “ஆண்டவரே, ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுறவங்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்” என்று நான் ஜெபித்தால், அடுத்து என் வீட்டுக்காரர், “எதையும் பொறுத்துக்கிற மனசை எங்க எல்லாருக்கும் தாரும் பிதாவே” என்பார். ஆமென் சொன்னபிறகு அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பதால் அந்த ஏற்பாடு வசதியாகவே இருந்தது.

அப்போது நாங்கள் செம்பாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவர் கிண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு ஏழு. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அந்தத் தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். மனுஷர் ஆறு மாதம் வீட்டிலேயே இருந்தார். குழாயைப் பழுது பார்ப்பார், பிள்ளைகளுக்குத் தலை பின்னுவார், மத்தியானத்தில் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் அப்படிச் சும்மா இருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நேரில் கேட்டால் மனசு நோகுமே என்று வழக்கம்போல ஜெபத்தில் கேட்டேன். முதலில், “ஒரு வழியைத் திறந்தருளும்.” அப்புறம் எங்கள் சர்ச்சில் ஒரு குடும்பம் மஸ்கட் போய் வந்து மினுமினுவென்று நின்றதைப் பார்த்துவிட்டு, “கடல் கடந்தாவது ஒரு வழியைத் திறந்தருளும்.” ஒவ்வொரு நாளும் அவர் கணீரென்று ஆமென் சொன்னார். சரி, மனுஷருக்கும் அதில் ஆசைதான் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்திக் கேட்டேன்.

திறந்துவிட்டது. மஸ்கட்டில் வேலை, மூன்று வருஷம், நடுவில் ஒரே ஒரு முறை லீவு. பொங்கல் கழிந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நகரத்தில் ஏஜென்சி ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கறாராக எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் வந்த அன்று தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாக மூன்று தோசை கருகியது. மூன்று வருஷம் இந்த மனுஷர் இல்லாத வீட்டில் நான் என்ன பண்ணுவேன் என்பது அதுவரை என் மண்டையில் உறைக்கவே இல்லை. ஆறு மாதம் ஆண்டவரைப் பிடித்து உலுக்கிக் கேட்டுவிட்டு, கொடுத்தபிறகு வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? பிள்ளைகள் வேறு சாட்சி. வாயை மூடிக்கொண்டேன்.

“போறதுக்கு முன்னாடி ஒரு ஊர் சுத்தல் போயிட்டு வந்துடலாம்,” என்றார் அவர். “ஓட்டல் எல்லாம் வேணாம். கடலோரமா ஊர் ஊரா போவோம். படகுல ஏறி எங்கயாவது திட்டுல இறங்கிக் கூடாரம் போட்டுத் தங்குவோம்.”

வேலை இல்லாமல் சுருண்டு கிடந்த கை மறுபடியும் வரைய ஆரம்பித்தது. டிரேசிங் பேப்பரில் கோவளத்திலிருந்து பாலாற்று முகத்துவாரம் தாண்டிக் கீழே வரைக்கும் கடற்கரையை வரைந்தார். கூடாரத்துக்கும் அளவெடுத்துப் படம் போட்டு, நீலத் தார்ப்பாயைக் கேம்ப் ரோட்டுத் தையல்காரரிடம் கொண்டுபோனார். அந்தத் தையல்காரர் அதை லாரிக்கா ஆட்டோவுக்கா என்று மூன்று முறை கேட்டாராம்.

அந்த வருஷம் பொங்கல் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது கிளம்பினோம். ஏரிமேல் மூடுபனி, அதற்குள் யாரோ இருமும் சத்தம். தாம்பரத்தில் கோவளம் பஸ்ஸில் கூடாரம், பம்ப் ஸ்டவ், அரிசிப் பை, இரண்டு பாய், பைபிள், பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஏற்றியதைப் பார்த்துவிட்டு கண்டக்டர், “இன்னா சார், வூடு காலி பண்ணிகினு போறீங்களா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்த முதல் நாளை இப்போது நினைத்தால் எது முன்னால், எது பின்னால் என்று தெளிவாக இல்லை. எல்லாம் ஒரே வெளிச்சமாக இருக்கிறது. கோவளத்தில் கழிமுகத்தைக் கடக்க ஒரு படகு போய் வந்துகொண்டிருந்தது. ஆட்கள், ஒரு சைக்கிள், கழுத்தில் பொங்கல் மாலையோடு ஒரு ஆடு, நாங்கள். அக்கரையில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. இறங்கினோம், நின்றோம், அதே படகில் திரும்பினோம். “எதுக்குப்பா போனோம்?” என்று பெரியவள் கேட்டாள். “போறதுக்குத்தான்,” என்றார் அவர். மாமல்லபுரத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பஜ்ஜி மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டோம். சதுரங்கப்பட்டினத்தில் பழைய கோட்டைச் சுவரின் நிழலில் புளிசாதம் தின்றோம். சின்னவள் கையில் சோற்றுப் பருக்கையோடு அப்படியே தூங்கிப்போனாள். வெயில் சுவரில் மெல்ல ஏறி ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். நேரம் என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பாலாற்று முகத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் இறங்கினோம். கடலுக்கும் ஊருக்கும் நடுவில் உப்பங்கழி பரந்து கிடந்தது, அதில் அங்கங்கே மணல் திட்டுகள். ஐம்பது வயது தாண்டிய ஒரு படகுக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். மோட்டார் இல்லை, மூங்கிலை ஊன்றி ஊன்றித் தள்ளினார். தண்ணீர் அசையாமல் ரோஜா நிறத்தில் கிடந்தது. படகு போகிறதா, திட்டுகள் எங்களை நோக்கி வருகின்றனவா என்று சொல்ல முடியவில்லை. சவுக்கு மரங்கள் நின்ற ஒரு பெரிய திட்டில் எங்களை இறக்கிவிட்டு, குடிக்க இரண்டு குடம் தண்ணீரும் இறக்கினார். இருட்டுவதற்குள் கூடாரம் நின்றுவிட்டது. ஒரு மூலைகூடக் கோணல் இல்லை. என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதத்தில் அவர் முகத்தில் அந்தக் களையை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காணும் பொங்கல். படகுக்காரர் காலையிலேயே வந்து எங்களைத் திட்டுத் திட்டாகச் சுற்றிக் காட்டினார். ஒன்றில் வலை உலர்த்தும் கொட்டகை. ஒன்றில் சிப்பியைத் தவிர வேறு எதுவும் இல்லை. இன்னொன்றை நெருங்கும்போது, கரை முழுக்க வெளுத்த துணி காயப்போட்டிருப்பதுபோல் தெரிந்தது. படகு இன்னும் கிட்டே போனதும் அந்தத் துணியெல்லாம் நடந்தது. பூநாரைகள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் சத்தமில்லாமல் அவற்றை நோக்கி நடந்தார். பின்னாலேயே நானும் பெரியவளும் போனோம். பறவைகள் பறக்கவில்லை, விலகி விலகி வழிவிட்டன. சூரியன் தண்ணீருக்குள்ளேயும் இருந்தது. அப்படியே நடந்துகொண்டே இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

“அடுத்த தடவை வரும்போது இவளைத் தூக்க முடியாதில்ல,” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். “பத்து வயசாயிடும்.”

நான் அங்கேயே நின்றுவிட்டேன். பெரியவளுக்குப் பதினைந்து ஆகியிருக்கும். எனக்கு நரைத்திருக்கும். அவர் போய் வந்தபிறகு இந்த இருவரும் வேறு யாரோவாக இருப்பார்கள்.

அவர் பிள்ளைகளோடு சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான் படகுக்குப் போனேன். படகுக்காரர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்து எங்களை ஏற்றிக்கொள்வதாகத்தான் பேச்சு.

“அண்ணா, நாளைக்கு வராதீங்க,” என்றேன். “திங்கக்கிழமை மத்தியானமா வாங்க.”

“இன்னா டீச்சரம்மா, சாரு நாளைக்கு மூணு மணின்னு சொன்னாரே?”

“பிளான் மாறிடுச்சு.”

“சாருக்குத் தெரியும்ல?”

“தெரியும்,” என்றேன். பரீட்சை ஹாலில் பிட் அடிக்கும் பிள்ளைகளை நான் கையும் களவுமாகப் பிடிப்பேன். என் முகத்தை அப்போது யாராவது பார்த்திருந்தால் என்னையும் பிடித்திருப்பார்கள்.

படகுக்காரர் பீடியை அணைத்தார். “அப்போ தண்ணி பத்தாது. சாய்ந்தரமா இன்னொரு கொடம் கொண்டாந்து எறக்கிட்டுப் போறேன். கொயந்தைங்க கீதே.”

சொன்னபடி குடத்தை இறக்கிவிட்டுப் போகும்போது அவரும் என் வீட்டுக்காரரும் கரையில் நின்று ஏதோ பேசினார்கள். காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் உயிர் என்னிடத்தில் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் திரும்பி வந்து, “மடவை மீன் குடுத்திருக்காரு, குழம்பு வைக்கிறியா, வறுக்கிறியா?” என்றார். வறுத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் பதிலாக மணலில் உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடினோம். பிறகு பகல் முழுக்க தண்ணீரில் ஊறிக் கிடந்தோம். அவருக்கு மிதக்கத் தெரியும். மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் சின்னவளை உட்கார வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினார். மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்து துவட்டிக்கொண்டு, கூடாரத்தைப் பிரித்து, மடிப்பு மாறாமல் மடித்துக் கட்டினார். நாலு பேரும் மூட்டைகளின்மேல் வரிசையாக உட்கார்ந்தோம்.

மூன்று ஆனது. நாலு ஆனது. தூரத்தில் ஒரு படகு போனது. பெரியவள் துப்பட்டாவைக் கழற்றி வீசி வீசிக் காட்டினாள். படகில் இருந்தவர்களும் சந்தோஷமாகக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

“வந்துடுவாரு,” என்றார் என் வீட்டுக்காரர். கடிகாரத்தைப் பார்த்தார். நான் மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். நல்லதுதானே, நான் நினைத்தது நடக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனாலும் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு மணலில் கோடு கிழிக்கிறாயே பாவி என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் இந்த வேலையை விட்டுவிட்டால் மறுபடியும் ஏரிக்கரையில்தானே போய் உட்காருவார்?

ஆறு மணிக்குத் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது. “சரி, இங்கயே ஜெபம் பண்ணிடலாம்,” என்றார். கட்டிய மூட்டையிலிருந்து பாயை மட்டும் உருவி விரித்தார்.

சின்னவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். “ஆண்டவரே, படகை அனுப்பும். அது வரலைன்னா அப்பா ஃபாரின் போக முடியாது. நான் சாக்லேட் கேட்டேன்ல, அது வேணாம். படகு மட்டும் அனுப்பும். ஆமென்.”

பெரியவள், “பிதாவே, அந்தப் படகுக்கார அங்கிளுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது. அவர் நல்லவரு. அவரைக் காப்பாத்தும்,” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

என் முறை வந்தது. “அன்புள்ள ஆண்டவரே,” என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு வரவில்லை. மற்ற நாட்களில் எனக்கு ஜெபம் அருவி மாதிரி கொட்டும். அன்றைக்கு இரண்டு வார்த்தையோடு நின்றுவிட்டது. மூவரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். காற்று சவுக்கு மரங்களில் ஊதிக்கொண்டிருந்தது.

“ஆண்டவரே, படகுக்காரர் நல்லாத்தான் இருக்காரு. நான்தான் அவரை வர வேணாம்னு சொன்னேன். நாளைக்கு மத்தியானம் வரச் சொன்னேன். இவர் போறது எனக்குப் பிடிக்கலை. ஆறு மாசமா உம்மகிட்ட நான் கேட்டதெல்லாம் என் வாய்தான் கேட்டுச்சு, மனசு கேக்கலை. இவருக்கு ஆசைன்னு நினைச்சேன். இப்போ நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரியலை. என்னை மன்னியும். ஆமென்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவர் தொண்டையைக் கனைத்தார். “பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். மீனுக்காக ஸ்தோத்திரம். படகுக்காரர் நேத்தே எங்கிட்டக் கேட்டுட்டாரு. டீச்சரம்மா சொன்னபடியே வாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். எனக்கும் போகப் பிடிக்கலை ஆண்டவரே. இவ தினமும் கேக்குறாளே, இவளுக்கு நான் இங்க இருக்கறது பாரமா இருக்குன்னு நினைச்சுத்தான் மனு போட்டேன். ஆனா வேலை இல்லாம உக்காந்திருக்கவும் எனக்கு வெக்கமா இருக்கு. எதைச் செய்யணும்னு நீரே சொல்லும். ஆமென்.”

“அப்போ எதுக்குப்பா டெய்லி ஆமென் சொன்னீங்க?” என்றாள் சின்னவள்.

அவர் பாயில் ஒட்டிய மணலைத் தட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆமென் சொன்னபிறகு பேசக் கூடாது என்ற சட்டமெல்லாம் காற்றில் பறந்தது.

“தெரிஞ்சுகிட்டேதான் கூடாரத்தைப் பிரிச்சீங்களா? மூணு மணி நேரம் மூட்டைமேல உக்கார வச்சீங்களா?”

“நீயா சொல்லுவியான்னு பார்த்தேன்.”

“நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்தேன்! நல்லா இருக்கே கதை!”

“படகை நிறுத்தினது நீ. எங்கிட்டயா கத்துற?”

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நாங்கள் முகத்துக்கு முகம் போட்ட முதல் சண்டை அதுதான். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் கத்தினேன், அவர் கத்தினார். அந்தத் தண்ணீர்வெளியில் கேட்க ஆளே இல்லை என்பதால் எங்கள் குரல்கள் எங்களுக்கே புதிதாக இருந்தன. கத்தி முடித்ததும் இரண்டு பேருக்கும் பசித்தது. மறுபடியும் கூடாரத்தைக் கட்டினார். இந்த முறை ஒரு பக்கம் கோணலாகத்தான் நின்றது. கஞ்சி வைத்துக் குடித்தோம். எதையும் முடிவு செய்யாமலே எல்லோரும் படுத்துவிட்டோம்.

திங்கட்கிழமை விடியும் நேரத்தில் எழுந்து பார்த்தால் கூடாரத்தில் அவர் இல்லை. வெளியே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பனியில் வானமும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டு, அவர் எதன்மேல் நிற்கிறார் என்றே தெரியவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. வேறு யாரோ மீனவர், வலையை இழுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், மாட்டிக்கினீங்களா? வர்றீங்களா, கரையில உட்றேன்!” என்று கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு. இப்போது கரைக்குப் போய் முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்கு ஏஜென்சியில் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும். அந்த மீனவர் மூங்கிலை ஊன்றி நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்.

நான் ஓடி இறங்கினேன். சேலை முழங்கால்வரை நனைந்தது. பழக்கதோஷத்தில் என் கண்கள் தானாக மூடின, கைகள் தானாகக் கோத்துக்கொண்டன. “ஆண்டவரே,” என்றுகூட ஆரம்பித்துவிட்டேன்.

“ஏம்மா,” என்றார் அவர். “எதுவா இருந்தாலும் இனிமே எங்கிட்டக் கேளு. அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்.”

கண்ணைத் திறந்தேன். மூன்று நாள் தாடி, உதட்டோரத்தில் உப்பு, ஆறு மாதமாக நான் நேராகப் பார்க்காத அந்தக் கண்கள்.

“போகாதீங்க,” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு படகின் பக்கம் திரும்பி, “நீங்க போங்கண்ணே,” என்றார்.